நாலு சம்மதமும் ஓர் ஒட்டகமும்

சனி, ஞாயிறு ஆனால் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டத்தில் பாதிப்பேர் இப்போதெல்லாம் கடலைப் பார்ப்பதில்லை. கல் ரதத்தையும் பார்ப்பதில்லை. நேரே ஊருக்குத் தெற்கே இருக்கிற சவுக்குத் தோப்பில் இறங்கி, செருப்பை ஒரு பக்கமும் அறிவை ஒரு பக்கமும் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நின்றுவிடுகிறார்கள். செருப்புக்காவது டோக்கன் உண்டு.

தோப்புக்குள் தகரக் கொட்டகை. வாசலில் 'அலைவரிசை அடிகள் அருட்பீடம்' என்று போர்டு. அதற்குக் கீழே, 'சாதி இல்லை, மதம் இல்லை, சிக்னல் உண்டு.' பட்டை போட்டவர், நாமம் போட்டவர், சிலுவை போட்டவர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஏமாறுகிற இடத்தில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை.

அடிகள் கைரேகை பார்ப்பதில்லை, கிளியை வைத்து சீட்டு எடுப்பதில்லை. அவர் பார்ப்பது போனின் ஜாதகம். உலகத்துப் போன்களை இரண்டே கூட்டில் அடைத்துவிட்டார். ஆண்ட்ராய்டு எல்லாம் திறந்த கூடு, அருள் உள்ளே வரும். ஐபோன் எல்லாம் மூடிய கூடு, அருள் வாசலோடு திரும்பிவிடும். மூடிய கூட்டைப் பீடத்தில் சமர்ப்பித்துவிட்டு, மந்திரித்த திறந்த கூடு ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சமர்ப்பித்த போன்கள் கடலில் கரைக்கப்படுவதாகச் சொன்னார்கள். கரைந்த போன்கள் எந்தக் கடையில் கரையேறின என்று யாரும் கேட்கவில்லை.

பொன்னியை அங்கே இழுத்து வந்தவள் அவளுடைய நாத்தனார் ஹெலன். பொன்னி சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிறவள். உப்பைக் கண்ணால் பார்த்தே அளப்பாள். அப்படிப்பட்டவளையும் ஹெலன் கரைத்துவிட்டாள். ஏன் என்றால், சிலிண்டர்.

"எப்ப வரும்னு சிலிண்டர் கொண்டாறவனுக்கே தெரியாது. சாமி செவ்வாக்கிழமைன்னாரு. செவ்வாக்கிழமை வந்து நின்னுச்சி பொன்னி. இதுக்கு மேல இன்னா வோணும் உனக்கு?"

இதற்கு மேல் பொன்னிக்கு வேண்டியது ஒன்றுதான். மகள் ஜெனிட்டாவின் கல்யாணம் தடங்கல் இல்லாமல் நடக்கவேண்டும். தை பிறந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை ஹேமந்த் கடற்கரைப் பக்கம், மீன்பிடிப் படகுகளுக்கு ஜிபிஎஸ்ஸும் மீன் காட்டுகிற கருவியும் மாட்டித் தருகிறவன். சர்ச்சில் கல்யாண அறிவிப்பான ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறு. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாஸ்டர் மூன்று ஞாயிறு கேட்டு, சபை மூன்று தடவை வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் உறுதி. வாயை மூடிக்கொண்டிருப்பது ஹெலனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது குடும்பத்துக்கே தெரியும்.

இரண்டாவது ஓலை முடிந்த கையோடு, ஞாயிறு மத்தியானம், பொன்னி வரிசையில் நின்றாள். பின்னால் அவள் புருஷன் ஏசுபாதம், டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. ஒரு கையில் பை, ஒரு கையில் வறுகடலைப் பொட்டலம். அவருக்கு அருளில் நம்பிக்கை இல்லை, வறுகடலையில் உண்டு.

வாசலில் சீடர் ஜெரோமானந்தர். போன மாதம்வரை வெறும் ஜெரோம். போன் மேல் எலுமிச்சம்பழம் வைத்து மூன்று சுற்று சுற்றினார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த கட்டம்போட்ட படத்தை போனால் பிடிக்கச் சொன்னார். தரிசன டோக்கன் ஆப் இறங்கியது. போன் உடனே சிவப்பெழுத்தில் எச்சரித்தது, இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, தீங்கு செய்யலாம் என்று.

பொன்னி கையை இழுத்துக்கொண்டாள். சீடர் சிரித்தார். அது தீய சக்தியின் கடைசிக் கதறல் தாயே, பயப்படாமல் தாண்டுங்கள் என்றார்.

தாண்டினாள். அடுத்து நாலு சம்மதம். போன் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் ஏதோ கேட்கும், பக்தர் 'சம்மதம்' என்று வாய்விட்டுச் சொல்லி அழுத்தவேண்டும். முதல் சம்மதம் உடம்புக்கு, இரண்டாவது மனசுக்கு, மூன்றாவது ஆன்மாவுக்கு, நாலாவது குலத்துக்கு. கொட்டகை முழுக்கச் 'சம்மதம் சம்மதம்' என்று தவளைக் கச்சேரி மாதிரிக் கேட்டது. போன் என்னதான் கேட்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை. சாமி கேட்டால் கொடுப்பதா, வக்கீல் வைத்துப் படிப்பதா?

பிறகு இரண்டு மணி நேரம் காத்திருக்கவேண்டும். ஞானத்துக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

காத்திருந்த நேரத்தில் பொன்னியின் போன் விடாமல் கிணுகிணுத்தது. குடும்ப குரூப்பில் மகளும் மாப்பிள்ளையும் வழக்கமான சண்டை. இரண்டு பேருக்கும் போன்தான் உயிர், ஆனால் வேறுவேறு போன். ஜெனிட்டா கல்யாண வீடியோக்களைப் போனிலேயே வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மண்டபத்தை விட்டுப் பெண் கிளம்பும் முன்னே கையில் கொடுக்கிறவள். அவளுடையது ஐபோன். ஹேமந்த் வாரத்துக்கொரு தடவை தன் ஆண்ட்ராய்டை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுகிறவன்.

உன்னுது வாடகை வூடு, ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஓனரக் கேக்கணும், என்னுதுல நான் நெனச்ச கடல் மேப்ப ஏத்துவேன், செவுத்த இடிச்சி ஜன்னல் வைப்பேன் என்று அவன் எழுதினான். ஓனர் இருக்கிறதாலதான் கொழாயில ஒழுங்கா தண்ணி வருது, எனக்கு வேலைய முடிக்கணும், உன்ன மாதிரி நாள் பூரா வூட்டுக்கு வெள்ளையடிச்சிகினு ஒக்கார முடியாது என்று அவள் எழுதினாள். செவுத்த இடிக்கத் தெரியாதவங்க வாடகை வூட்லயே இருங்க என்று அவன். போன வாரம் உன் போன் ரெண்டு நாள் மயங்கிக் கெடந்ததே, அது எந்த செவுத்த இடிச்சதால என்று அவள். நடுவில் முத்தம் கொடுக்கிற பொம்மைகள். பொன்னி சிரித்துக்கொண்டே பையில் போட்டாள்.

முறை வந்தது. அடிகள் காவித் துணிமேல் உட்கார்ந்திருந்தார். காதை மூடித் தொங்கும் சடை. கண்ணை மூடினார்.

"தாயே. மணமகள் உன் மகள். மணமகன் கடலோரத்தான். ஆனால் இருவருக்கும் வாக்குவாதம். அவள் மூடிய கூடு. அவன் திறந்த கூடு. சுவரை இடிப்பேன் என்கிறான் அவன். மாட்டேன் என்கிறாள் அவள். உண்டா, இல்லையா?"

பொன்னி தலையாட்டினாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. அடிகள் விடவில்லை. "போன புதன்கிழமை நீ காய்ச்சலில் படுத்துவிட்டாய். ஒரு நல்ல காரியத்துக்குப் போக முடியவில்லை. உண்டா, இல்லையா?"

பக்கத்தில் ஹெலன். அந்த நல்ல காரியம் ஹெலனின் புது வீட்டுக்குப் பாஸ்டர் ஜெபம் செய்த பிரதிஷ்டை. பொன்னி ஹெலன் முகத்தைப் பார்த்தாள், அடிகள் முகத்தைப் பார்த்தாள்.

"உண்டு சாமி" என்றாள்.

தீர்ப்பு வந்தது. கூட்டுப் பொருத்தம் இல்லை. மகள் மூடிய கூட்டைச் சமர்ப்பித்தால் கல்யாணம். இல்லையேல் மூன்றாவது ஓலை வாசிக்கும் வாய் அடைத்துப்போகும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஹெலன் நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தாள். வீடு சேர்வதற்குள் ஹேமந்தின் அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லியும்விட்டாள். பொன்னி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளைக் குடைந்தது பொருத்தம் அல்ல. காய்ச்சல்.

ஏனென்றால் அவளுக்குப் புதன்கிழமை காய்ச்சலே கிடையாது. மதுராந்தகம் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் அருவி மாதிரி விழுகிறது என்று கேன்டீன் தோழி லோகநாயகி கூப்பிட்டாள். இவளும் போய், முட்டிவரைக்கும் தண்ணீரில் நின்று, மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டு வந்தாள். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று, காய்ச்சல் பொய்யை ஹெலனுக்கு மெசேஜில்தான் அனுப்பினாள். ஏரிக்குப் போனது லோகநாயகிக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியானால், உலகம் முழுக்கத் தெரிந்த அடிகளுக்கு அவ்வளவு பெரிய ஏரி எப்படித் தெரியாமல் போயிற்று? இல்லாத காய்ச்சல் எப்படித் தெரிந்தது?

சாம்பாரில் ஏதோ குறைகிறது என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டது. என்ன குறைகிறது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் விவகாரம் வெடித்தது. நாலு கல்யாணத்து வீடியோ இதுல பாதியில கீது, எவனோ கடல்ல போடறதுக்கு நான் தரமாட்டேன் என்றாள் ஜெனிட்டா. போன மாத்தினாதான் கல்யாணம்னா எனக்குக் கல்யாணமே வோணாம் என்றும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு உள்ளே போய் அழுதாள். மறுநாள் ஹேமந்தின் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அடிகள் சரி என்று சொல்லாமல் மூன்றாவது ஓலை வேண்டாம், தள்ளிப்போடலாம்.

அன்று சாயங்காலம் ஹேமந்த் வந்தான், முகம் தொங்கிப்போய். அவனுக்கு டீ கொடுத்துவிட்டு, பொன்னி மெதுவாகக் கேட்டாள்.

"மாப்ளே, ஒரு சந்தேகம். என் போன்ல நான் ஒரு பொய் எழுதி அனுப்பினேன்னு வெச்சுக்க. அத வெளிய கீறவன் படிக்க முடியுமா?"

"பொய்யா நெசமான்னு போனுக்குத் தெரியாது அத்த. எழுத்து இருந்தா படிக்கலாம், நீங்க உட்டீங்கன்னா."

"நான் எங்க உட்டேன்?"

அவன் போனை வாங்கித் திறந்தான். டோக்கன் ஆப்பைத் தட்டினான். அடுத்த நிமிஷம் டீயைக் கீழே வைத்துவிட்டான். உடம்புக்குக் கொடுத்த சம்மதம், மெசேஜ் எல்லாம் படிக்க. மனசுக்குக் கொடுத்தது, யார் யார் நம்பர் இருக்கிறது என்று பார்க்க. ஆன்மாவுக்கு, எங்கே போகிறாள் வருகிறாள் என்று பார்க்க. குலத்துக்குக் கொடுத்ததுதான் பெரியது. போனில் என்ன வந்து விழுந்தாலும் கூடவே நின்று பார்க்க.

"அதான் ஹெலன் அத்தைக்கு சிலிண்டர்" என்றாள் ஜெனிட்டா, கதவோரத்திலிருந்து. "கம்பெனிக்காரன் அனுப்பின மெசேஜைப் படிச்சி சொல்லிக்கிறான் அந்தாளு. பாத்தியா ஹேமந்து, உன் திறந்த வூட்டு லட்சணத்த? என் போன்ல இந்த ஆப்பு வாசப்படியே ஏறாது. அதனாலதான் மூடின கூடு, அருள் வராதுன்னு கதை உடறான்."

"திறந்த வூடா இருக்கறதாலதான் உள்ள யார் ஒக்காந்துகினு கீறான்னு நான் எட்டிப் பாத்து சொல்லிக்கினு கீறேன். அதுவும் போன் சும்மா உடல. செவப்பு எழுத்துல கத்திச்சி. நாமதான் கேக்கல."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹேமந்த் ஆப்பை அழிக்கப் போனான். பொன்னி அவன் கையைப் பிடித்தாள்.

"அழிக்காத. அங்கயே கெடக்கட்டும். எனக்குப் புரிஞ்சா போதுமா? உங்கம்மாவுக்குப் புரியணும், ஹெலனுக்குப் புரியணும்."

அடுப்படியில் ஆலோசனை நடந்தது. பொன்னியின் போனுக்கே ஒரு பொய்யை அனுப்பி, அடிகள் அதை அருள்வாக்காகச் சொல்கிறாரா பார்ப்பது என்று முடிவாயிற்று. எழுதப்போகிற பொய் பெரிதாக இருக்கவேண்டும், யார் கேட்டாலும் நம்ப முடியாததாக இருக்கவேண்டும். ஏசுபாதம் வேறொருத்தியோடு ஓடிப்போய்விட்டார் என்று எழுதலாம் என்றாள் ஜெனிட்டா. ஏசுபாதம் கொஞ்சம் யோசித்தார்.

"ஓடறதுன்னு ஆயிட்ச்சி. வெறுங்கையோட ஏன் ஓடணும்? ஒரு ஒட்டகம் வாங்கிகினு ஓடறேனே" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் தனக்கென்று கேட்டது அந்த ஒட்டகம் ஒன்றுதான்.

சனிக்கிழமை. மறுபடியும் கொட்டகை, எலுமிச்சம்பழம், வரிசை. ஹெலன் வந்திருந்தாள். பொன்னி கூப்பிட்டு ஹேமந்தின் அம்மாவும் வந்திருந்தார். ஏசுபாதம் ஒரு தூணுக்குப் பின்னால், பையும் கடலையுமாக. ஹேமந்தும் ஜெனிட்டாவும் தோப்பில் சவுக்கு மரத்தடியில். ஒருத்தி ஒரு புது சிம்மிலிருந்து 'அச்சரப்பாக்கம் கல்யாணி' என்ற பெயரில் பொன்னியின் போனுக்கு மெசேஜ் அனுப்பினாள். ஒருவன் அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நாளில் இரண்டு போனும் ஒரே வேலையைச் செய்தது அன்றைக்குத்தான்.

பொன்னி முன்னால் போய் உட்கார்ந்தாள். அடிகள் கண்ணை மூடினார். முகத்தில் வேதனை படர்ந்தது.

"தாயே, எப்படிச் சொல்வேன். உன் இல்லத்தில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது."

"யாரு சாமி?"

"உன்னைத் தொட்டுத் தாலி கட்டியவன். தெற்கே போய்விட்டான். அச்சரப்பாக்கம். அங்கே ஒரு பெண்."

கூட்டம் ஐயோ என்றது. ஹெலன் நெஞ்சில் கை வைத்தாள், தம்பியாயிற்றே. பொன்னி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அழுகை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இன்னும் ஒன்று தெரிகிறது" என்றார் அடிகள். நெற்றி சுருங்கியது. அவருக்கே கொஞ்சம் தடுமாற்றம். "நாலு கால். நீளக் கழுத்து. முதுகில் கூனல். ஒட்டகம். ஆம் தாயே, ஒட்டகம். அதைக் கடற்கரையில் சவாரி விடப்போகிறான்."

"ஏங்க" என்று பொன்னி திரும்பிக் கூப்பிட்டாள். "கொஞ்சம் முன்னால வாங்க. ஒட்டகத்த அங்கயே கட்டிட்டு வாங்க."

தூணுக்குப் பின்னாலிருந்து ஏசுபாதம் வந்தார். கடலைத் தோலை ஊதிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அடிகள் லேசுப்பட்டவர் இல்லை. நான் சொன்னது சூட்சும உடல், இது வெறும் தூல உடல் என்றார். கூட்டத்தில் பாதி தலையாட்டியும்விட்டது. ஒட்டகத்தையே விழுங்குகிறவர்களுக்குச் சூட்சும உடல் ஒரு பொருட்டா?

பொன்னி இடுப்பிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தாள்.

"சரி சாமி. இதுல ஒரு வார்த்த எழுதி வெச்சிருக்கேன். எது உங்களுக்குத் தெரியாதோ அத. போனப் பாக்காம, என் மனசப் பாத்து சொல்லுங்க."

அவள் பையில் போன் கிணுங்கியது. அடிகள் கண்ணை மூடினார். சடை ஓரம் வியர்வை வழிந்தது. ஒரு நிமிஷம் கழித்து முகம் மலர்ந்தது.

"பூசணிக்காய்" என்றார்.

பொன்னி பையிலிருந்து போனை எடுத்து ஹேமந்தின் அம்மா கையில் கொடுத்தாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார். அம்மா, சீட்டுல எழுதினது பூசணிக்காய், மறந்துடாத, இப்படிக்கு ஜெனிட்டா. பிறகு பொன்னி சீட்டைப் பிரித்து ஹெலனிடம் நீட்டினாள்.

ஹெலன் படித்தாள். "மதுராந்தகம் ஏரின்னு போட்டுகீது. இன்னாடி இது?"

பொன்னி மூச்சை இழுத்துக்கொண்டாள். அடிகளைப் பிடிப்பது சுலபம். இதுதான் கஷ்டம்.

"புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் இல்ல அண்ணி. உன் வூட்டு பிரதிஷ்டைக்கு வராம ஏரி பாக்கப் போயிட்டேன். உனக்கு மெசேஜ்ல பொய் சொன்னேன். அந்தப் பொய்ய நம்பினது உலகத்துலயே ரெண்டு பேரு. ஒண்ணு நீ. இன்னொண்ணு எல்லாம் தெரிஞ்ச இந்த சாமி."

அடிகள் தலையைத் திருப்பினார். வியர்வையில் வழுக்கிய இயர்போன் சடைக்குள்ளிருந்து நழுவித் தோளில் தொங்கியது. அதிலிருந்து ஒரு சின்னக் குரல், "அண்ணாத்த, பூசணிக்கா கரெக்டா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தது.

அடிகளின் செந்தமிழ் அந்த இடத்திலேயே முக்தி அடைந்தது. "டேய் ஜெரோமு, மூட்டை கட்றா, பேஜாராயிட்ச்சி" என்று எழுந்தார். ஹேமந்த் அதற்குள் பின்பக்கத் திரையை இழுத்துவிட்டான். ஜெரோமானந்தர் ஒரு லேப்டாப்புக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் பக்தகோடிகளின் மெசேஜ் மழை. கடன்காரன் மிரட்டியது, டாக்டர் சொன்னது, மருமகள் மாமியாரைத் திட்டியது. அவரவர் மெசேஜை அவரவர் பார்த்தபோதுதான் கூட்டத்துக்குக் கோபம் வந்தது. அதுவரை ஏமாந்தது பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் போல. பக்கத்து அறையில், கடலில் கரைந்த ஐபோன்கள் நாற்பத்து மூன்று, உலர்ந்தபடி அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தன. ஜெனிட்டா முழுவதையும் வீடியோ எடுத்தாள். போலீஸ் வருவதற்குள் அதற்குப் பாட்டும் சேர்த்துவிட்டாள்.

வெளியே வரும்போது ஒரு பெரியவர் புலம்பிக்கொண்டே போனார். எல்லாம் சரி, ஆனா என் பென்ஷன் வந்த தேதிய கரெக்டா சொன்னாரே.

மறுநாள் மூன்றாவது ஓலை. பாஸ்டர் வாசித்துவிட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். ஹெலன் எழுந்து நின்றாள். ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு ஆட்சேபணை இல்லீங்க பாஸ்டரய்யா. பொண்ணோட அம்மாவுக்குத்தான். இன்னொரு தரம் ஏரி நெரம்பினா என்ன உட்டுட்டுப் போவக்கூடாது."

சபை சிரித்தது. ஹேமந்தின் அம்மாவும் சிரித்தார். கல்யாணம் உறுதியாயிற்று.

வாசலில் பொன்னியைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்போ எந்தப் போன் நல்லது, திறந்ததா மூடினதா, எதை வாங்குவது என்று கேட்டார்கள். மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பதிலோடு வாயைத் திறந்தார்கள். பொன்னி கையைக் காட்டி இருவரையும் அடக்கினாள்.

"எதையாவது வாங்குங்க. உள்ள வரட்டுமான்னு கேக்கறவன் இன்னா கேக்கறான்னு படிச்சிட்டு அப்புறம் அழுத்துங்க. போனுக்குக் கைரேகை வெச்சிப் பூட்டறீங்க, மூஞ்சக் காட்டிப் பூட்டறீங்க. மூளைய மட்டும் எவன் எலுமிச்சம்பழம் சுத்தினாலும் தொறந்து குடுத்துட்டு, வெளிய செருப்ப காணோம்னு தேடறீங்க."